ஒரே ஒரு வாய்

டொலீடோவிலிருந்து ஆர்லாண்டோவுக்குப்
பதினேழு மணி நேரம்.
டிக்கியில் துணிப்பெட்டி ஒன்றுதான்.
மற்றதெல்லாம் தீனி.
எம்மெட் தின்னும் ஒரே பிராண்டு மக்ரோனி
பதினான்கு டப்பா.
ஜூனிக்கு ஓரம் வெட்டிய ரொட்டி.
வெட்டிய ஓரம் எனக்கு.

இரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிச் சேர்த்த காசு.
ஊரான் பிள்ளைகள் அறுபது பேரை
ஒரு கண்ணாடியில் பார்த்தே அடக்குகிறவள் நான்.
இந்த இரண்டிடம் மட்டும்
என் பாச்சா பலிக்காது.

எம்மெட்டுக்கு ஆறு வயது.
மஞ்சளோ வெள்ளையோ என்றால் சாப்பாடு.
பச்சை என்றால் இலை.
சிவப்பு என்றால் காயம்.
ஜூனிக்கு நாலு.
அவள் தட்டில் எதற்கும் எதையும்
தொட்டுக்கொள்ள முடியாது,
தொட்டுக்கொண்டிருக்கவும் கூடாது.
பட்டாணியின் நிழல் சோளத்தின் மேல் விழுந்தாலே
ஊரைக் கூட்டிவிடுவாள்.

"பசிச்சா தானா தின்னும்" என்றான் வெர்னன்.
சொல்லிவிட்டு ஜார்ஜியா எல்லையில்
இரண்டு பர்கர் தின்றான்.

பூங்கா வாசலில் பையைச் சோதித்த காவலர்
பிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்தார்.
வெண்ணெய் மக்ரோனி.
என் முகத்தைப் பார்த்தார்.
"நம்ம வீட்டிலயும் ஒண்ணு இருக்கு"
என்று மூடிக் கொடுத்தார்.
எந்தத் தேவாலயத்திலும்
இத்தனை சீக்கிரம் எனக்குப் பாவமன்னிப்பு கிடைத்ததில்லை.

மதியத்துக்குள் பிளாஸ்க் காலி.
உள்ளே வாங்கிய நக்கெட் நட்சத்திர வடிவில் வந்தது.
வீட்டில் டைனோசர்.
"இது வேற கோழி" என்றான் எம்மெட்.
பதினாலு டாலர் நட்சத்திரங்களை
நின்றபடியே நான் விழுங்கினேன்.

ராட்டினத்தின் உச்சியில்,
பூங்கா முழுக்கக் கீழே பொம்மையாகக் கிடக்க,
ஜூனி சொன்னாள்: "பசிக்குது."
மூன்று நாளில் அந்த ஒரு தடவைதான்.
இறங்கி வருவதற்குள்
பசி மேலேயே தங்கிவிட்டது.

நீல நரியோடு காலை உணவு என்று
தலைக்கு இவ்வளவு என்று கட்டியிருந்தோம்.
கட்டிப்பிடிக்க வந்த நரியின் வால்
சிரப் கிண்ணத்தைத் தட்ட,
சிரப் ஓடிப்போய் முட்டையைத் தொட்டது.
ஜூனி அலறினாள்.
நரி பேசக் கூடாது, அது அங்கே விதி.
வாய் முழுக்கச் சிரிப்பு தைத்த அந்தத் தலையோடு
மண்டியிட்டு,
காகிதத் துண்டால் முட்டையைத் துடைக்க ஆரம்பித்தது.
துடைத்துக்கொண்டே இருந்தது.
உள்ளே யாரோ, இருபது வயதிருக்கலாம்,
மூச்சு வாங்குவது கேட்டது.
ஜூனி நரியை மன்னித்துவிட்டாள்.
முட்டையை இல்லை.

கடைசி ராத்திரி
நெடுஞ்சாலையோரம் ஒரு சின்ன உணவகம்.
சட்டையில் ரோசலிண்ட் என்று பெயர் குத்திய பெண்
பென்சிலோடு வந்தாள்.
சாஸ் இல்லாத நூடுல்ஸ்.
தனித்தனித் தட்டில் ரொட்டி, வாழைப்பழம்.
வெர்னனுக்கு ஸ்டேக்.
"உங்களுக்கு?"

மெனுவைப் பார்த்தேன்.
எழுத்தெல்லாம் தெரிந்தது,
எனக்கு என்ன பிடிக்கும் என்பது மட்டும் தெரியவில்லை.
"இவங்க மீதி வைக்கிறதை
நான் பாத்துக்கிறேன்."
பென்சிலை அவள் கீழே இறக்கவில்லை.
"அது ஆர்டர் இல்லையே, கண்ணு."

கம்போ என்று விரலை வைத்தேன்.
வந்தது:
வெண்டைக்காய், இறால், சாசேஜ், சோறு,
ஒன்றன் மடியில் ஒன்று விழுந்து,
பச்சையும் சிவப்புமாக,
எல்லாம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு
ஆவி பறக்க ஒரு கிண்ணம்.
பிள்ளைகள் இரண்டும்
விபத்தைப் பார்ப்பது போல் பார்த்தார்கள்.

கரண்டியைத் தூக்கினேன்.
என்னவோ தொண்டையை அடைத்தது.
மூன்று நாள் வெயிலா, ஆறு வருஷமா,
தெரியவில்லை.
கரண்டி அந்தரத்தில் நின்றது.

எம்மெட் மேசைமேல் சாய்ந்தான்.
என் குரல், என் ராகம்,
நான் விடும் அதே இழுவை:
"ஒரே ஒரு வாய்ம்மா.
பிடிக்கலன்னா துப்பிடலாம்."

வெர்னன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காரம். கண்ணில் நீர் வந்தது.
அதற்குக் காரணம் காரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.
துப்பவில்லை.
அடிவரைக்கும் வழித்துத் தின்றேன்.
யாருக்கும் தரவில்லை, யாரும் கேட்கவுமில்லை.
ஜூனி மட்டும் தன் ரொட்டித் தட்டை
என் கிண்ணத்திடமிருந்து
ஓர் அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டாள்.